கத்தி படக்கூடாத மருந்து

1

மலாயாவில் எதற்கும் ஒரு ஃபாரம் உண்டு. சைக்கிளுக்கு ஒரு ஃபாரம், நாய்க்கு ஒரு ஃபாரம், செத்தவனைப் புதைக்க மூன்று ஃபாரம். பதினோரு வருஷமாக நானும் நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். வந்த புதிதில் தகப்பனார் பெயர் எழுதவேண்டிய இடத்தில் என் பெயரையும், என் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அரிமளம் என்று ஊர்ப்பெயரையும் எழுதினேன். கவுண்டரில் இருந்தவன் சிரித்தான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இழுத்ததற்கும் ஒரு ஃபாரம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். இதைப் படிக்கிறவர்கள் அதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

ஈப்போவில் லாரிப் பட்டறையில் மெக்கானிக்காக இருக்கிறேன். இந்தப் பத்திரிகையில் இதுவரை டுரியான் பழத்தைப் பற்றியும் இங்கத்திய மழையைப் பற்றியும் வேடிக்கையாக எழுதிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை வேடிக்கை இல்லை. அரிமளத்தில் என் அண்ணி இருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அங்கே இந்தப் பத்திரிகை வாங்குகிறவர்கள் யாராவது இதை அவருக்கு முழுதாகப் படித்துக் காட்டவேண்டும். அவர் பாதியில் எழுந்து போனாலும் பின்னாலேயே போய்ப் படிக்கவேண்டும்.

விஷயம் ஒரு ஃபாரத்தில்தான் ஆரம்பித்தது. என் மனைவி வள்ளிக்கண்ணுவுக்கு வலது மார்பில் ஒரு கட்டி. இங்குள்ள ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்றார்கள். மார்பையே எடுத்துவிடவேண்டும், பத்து நாளில் ஆபரேஷன் என்றார்கள். ஃபாரத்தை வாசித்துச் சொன்னது எங்கள் மகள் செல்வி. பதினான்கு வயது, கான்வென்ட் படிப்பு. இங்கிலீஷும் மலாயும் அவளுக்குச் சரளம். எங்களோடு தமிழில் பேசும்போதுதான் நின்று நின்று வார்த்தை தேடுவாள். ஒரு கட்டத்தில் விரலை வைத்து, ஆஸ்பத்திரி கொடுக்காத மருந்து, வேர், இலை, பொடி எதுவும் அம்மா சாப்பிடுகிறார்களா என்று கேட்கிறது என்றாள். வள்ளிக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டு இல்லையென்று எழுதச் சொன்னாள். நானும் அப்படியே எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கேள்வி என் காதில் விழுவது அது முதல் தடவை இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இன்னொரு ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அங்கேயும் இல்லையென்றுதான் சொன்னேன்.

2

என் அண்ணன் அடைக்கலம் புதுக்கோட்டை - அரிமளம் பஸ்ஸில் டிரைவர். அதே பஸ்ஸில் நான் கண்டக்டர். அண்ணியும் வள்ளிக்கண்ணுவும் கூடப்பிறந்த அக்கா தங்கை. அண்ணனுக்கு அக்காளை முடித்தார்கள், எனக்குத் தங்கையை முடித்தார்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு.

அண்ணன் வலது கன்னத்தில் எந்நேரமும் புகையிலை அதக்கியிருக்கும். திருப்பத்துக்குத் திருப்பம் ஹாரனை அடிப்பார், ஜன்னலுக்கு வெளியே துப்புவார். அந்தக் கன்னத்துக்குள்தான் முதலில் வெள்ளையாக ஒரு தடிப்பு வந்தது. பிறகு புண். பிறகு வாயைத் திறக்கமுடியாத வீக்கம். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துப் புற்றுநோய் என்றார்கள். கன்னத்தையும் தாடையில் கொஞ்சத்தையும் வெட்டி எடுத்தால் பிழைக்கலாம், மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பினார்கள்.

அந்த மூன்று வாரத்தைச் சும்மா விட எனக்கு மனசில்லை. இலுப்பூருக்கு மேற்கே ஒரு வைத்தியர் கட்டி, புற்று எல்லாம் கரைக்கிறார் என்று பஸ்ஸில் பேசிக்கொள்வார்கள். போனேன். ஏமாற்றுக்காரர் இல்லை. குணமான பிறகு தட்டில் ஏதாவது வைத்தால் போதும் என்றார். லேகியத்தை என் எதிரிலேயே கிண்டி, கையில் கொடுக்கும் முன் இரண்டு நிபந்தனை சொன்னார். ஒன்று, மருந்தின் பெயரை வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் முறிந்துவிடும். எங்கள் பக்கத்தில் இது புதிது இல்லை. பச்சிலை பறிக்கிறவன்கூட யாரும் பார்க்காமல் பறித்து, பெயர் சொல்லாமல் அரைத்துத்தான் கொடுப்பான்.

இரண்டாவதை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இது உள்ள இருக்கிற மட்டும் ஒடம்புல கத்தி படக்கூடாது. சவரக்கத்திகூட ஆகாது. அறுக்கிறதுன்னா இதை நிறுத்திட்டு ஒரு மாசம் பொறுத்து அறுங்க. ரெண்டுல ஒண்ணுதான்."

தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினேன். வருகிற வழியெல்லாம் யோசித்தேன். இதை அண்ணியிடம் சொன்னால், ஆபரேஷனே வேண்டாம் என்று காலைப் பிடித்துக்கொள்வார். டாக்டரிடம் சொன்னால் லேகியத்தைத் தூக்கி எறிவார். நின்றுபோன வண்டியை ஒருவன் தள்ளுவதைவிட இரண்டு பேர் தள்ளினால் சீக்கிரம் கிளம்பும் அல்லவா, மருந்தும் கத்தியும் சேர்ந்து தள்ளட்டும் என்று நானே முடிவு செய்தேன். பெயர் சொல்லக்கூடாது என்பதை வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். கத்தி படக்கூடாது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

தினம் காலையில் சுண்டைக்காய் அளவு. என் கையாலேயே அண்ணன் நாக்கில் வைத்தேன்.

3

மதுரைக்கு அண்ணனோடு நான் மட்டும் போனேன். லேகியம் ஒரு பவுடர் டப்பாவில், தலையணைக்கு அடியில். ஆபரேஷனுக்கு முதல் நாள் காலையில் ஆஸ்பத்திரி நாவிதர் வந்து முகத்தை மழித்தார். காதுக்குக் கீழே கத்தி லேசாகப் பட்டுவிட்டது. எறும்பு கடித்த அளவு வெட்டு. அதிலிருந்து ரத்தம் வந்தது, வந்துகொண்டே இருந்தது. படிகாரத்தை வைத்து அழுத்தினார். நிற்கவில்லை. பஞ்சு வைத்தார். பஞ்சு ஊறிப்போனது. என் துண்டைக் கொடுத்தேன். எட்டு மணிக்கு ஆரம்பித்தது, உச்சிப்பொழுதில்தான் நின்றது.

"என்னடா, ரேடியேட்டர் ஒழுகுது" என்று அண்ணன் கோணல் வாயால் சிரித்தார்.

இளம் டாக்டர் ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். துண்டைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், என் பக்கம் திரும்பினார். கைமருந்து, லேகியம், பச்சிலை எதுவும் கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்சம் நின்று மறுபடியும் கேட்டார்.

"கொடுத்திருந்தா தப்புன்னு சொல்ல மாட்டேன். கோவிச்சுக்கவும் மாட்டேன். எனக்குத் தெரிஞ்சாகணும், அவ்வளவுதான்."

அண்ணன் என்னைப் பார்த்தார். சொல்லு என்று பார்த்தாரா, சொல்லாதே என்று பார்த்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. டப்பா தலையணைக்கு அடியில் இருந்தது.

"ஒண்ணும் சாப்பிடலைங்க" என்றேன்.

மறுநாள் அறுத்தார்கள். நடுவில் ரத்தம் வேண்டுமென்று ஓடிவந்தார்கள். என் கையில் ஒரு பாட்டில் எடுத்தார்கள். அதுவும் அண்ணன் உடம்புக்குள் போய் அப்படியே வெளியே வந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. மதியம் அந்த டாக்டர்தான் வெளியே வந்தார். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. முழங்கை வரை அண்ணன் ரத்தம். ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ரத்தம் உறையவே இல்லை, எங்களால் முடியவில்லை என்றார்.

பக்கத்தில் ஓர் இரும்பு ஸ்டூல் இருந்தது. எடுத்தேன். நிலையைப் பிடித்திருந்த அந்தக் கையின் மேல் இறக்கினேன். வலது கை. எலும்பு ஒடிகிற சத்தம் கேட்டது. அவர் கையை இழுத்துக்கொள்ளும் முன் இன்னொரு தடவை இறக்கினேன். மூன்று பேர் என்னைக் கீழே தள்ளி முதுகில் ஏறி உட்கார்ந்தார்கள். அப்போதும் கொன்னுட்டியேடா, கொன்னுட்டியேடா என்று கத்திக்கொண்டிருந்தேன்.

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பகல் உட்கார வைத்தார்கள். டாக்டர் புகார் எழுதித் தரவில்லை என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அண்ணன் செத்த துக்கத்தில் அடித்தவன், விட்டுவிடுங்கள் என்றாராம். அந்தக் கை சரியானதா, அவர் மறுபடி கத்தி பிடித்தாரா என்று நான் விசாரிக்கவே இல்லை. அண்ணனை ஏற்றிக்கொண்டு வண்டி வைகைப் பாலத்தில் போகும்போது பவுடர் டப்பாவை ஆற்றில் எறிந்தேன்.

4

அரிமளத்தில் நான் சொன்னதுதான் கதை. டாக்டர் தப்பாக அறுத்துக் கொன்றுவிட்டார், நான் அவர் கையை ஒடித்தேன். ஊர் அதை வாயில் போட்டு மென்றது. டீக்கடையில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அண்ணனை எரித்த எட்டாம் நாளே எனக்கு அது பிடித்திருந்தது.

கருமாதி முடிந்ததும் அண்ணி என்னைக் கூப்பிட்டு அண்ணன் கைக்கடிகாரத்தைக் கொடுத்தார். டிரைவர் சம்பளத்தில் அண்ணன் ஆசையாக வாங்கிக் கட்டியது.

"எம்புருசனுக்காகக் கை நீட்டுன ஆளு நீங்க ஒருத்தருதான் தம்பி. இது ஒங்க கையிலதான் இருக்கணும்" என்றார்.

வாங்கிக் கட்டிக்கொண்டேன். எங்கள் தெருவில் அதற்குப் பிறகு ரொம்ப நாள் யாரும் ஆபரேஷன் என்ற பேச்சையே எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். வயிற்றுக் கட்டியோடு ஒருத்தி, அடைக்கலத்தைக் கொன்னமாதிரி என்னையும் கொல்லவா என்று சொல்லி, வீட்டிலேயே கிடந்து செத்திருக்கிறாள். அவளும் என் கணக்கில்தான்.

அடுத்த வருஷம் வள்ளிக்கண்ணுவின் மாமா ஈப்போவில் இருந்து பெர்மிட் வாங்கி அனுப்பினார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். இரண்டு வருஷம் கழித்து அவளும் பிள்ளையும் வந்தார்கள். இங்கே வந்தும் கை அடங்கவில்லை. பட்டறையில் இரண்டு பேரை அடித்து வேலை போய், மறுபடி கிடைத்தது. நான் நாற்காலியை விட்டு வேகமாக எழுந்தாலே செல்வி அறைக்குள் போய்விடுவாள். வருஷா வருஷம் அண்ணன் திதிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு இலை போட்டுப் படைப்பேன். இந்த வருஷம் திதியை ஒட்டி ஊரிலிருந்து ஒரு ஆள் கப்பலில் வந்தான். அண்ணி கொடுத்துவிட்டதாக வற்றல், அப்பளம், மூடி கட்டிய ஒரு கண்ணாடிப் போத்தல். ஊறுகாய் என்றாள் வள்ளிக்கண்ணு.

5

ஆபரேஷனுக்கு நாலு நாள் இருந்தது. அவளுக்குக் கையைத் தூக்க வலித்ததால் துணியெல்லாம் நான்தான் துவைத்தேன். அவள் வெள்ளைச் சேலையின் முந்தியில் கறுப்பாக ஒரு சொட்டு. சோப்புப் போட்டேன், தேய்த்தேன், கல்லில் அடித்தேன். போகவில்லை. போகாது. ஊரில் வண்ணான் துணிக்குக் குறி போடுவது எந்தக் கொட்டையின் பாலால் என்று எனக்குத் தெரியும். அண்ணன் துண்டிலும் அந்தக் கறை இருந்தது.

அடுப்படிக்குப் போனேன். ஊறுகாய்ப் போத்தலைத் திறந்தேன். அதே வாடை. அவள் உதட்டோரத்தில் ஒரு வாரமாக இருந்த கொப்புளமும் அப்போதுதான் புரிந்தது. இது என்ன என்று கேட்டேன். போத்தலை வாங்கி மூடப் பார்த்தாள். மறுபடி கேட்டேன்.

"பேரைக் கேக்காதீங்க. ஆத்தா மேல சத்தியம் வாங்கியிருக்கு அக்கா."

அடித்தேன். புற்று வந்து பாதி உடம்பாகிப்போன பெண்ணைக் கன்னத்தில் ஓங்கி அடித்தேன். அவள் சுவரில் போய் மோதினாள். செல்வி ஓடிவந்து பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சீனத்தியை மலாயில் கத்திக் கூப்பிட்டாள். என்னைக் காட்டிக்கொடுக்க என் மகளுக்குத் தமிழ் உதவாது என்று தெரிந்திருக்கிறது.

வள்ளிக்கண்ணு அழவில்லை. உதட்டைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"எதுக்கு அடிக்கிறீங்க? மச்சான் இந்த மருந்தை முழுசாச் சாப்பிட்டு முடிச்சிருந்தா பொழச்சிருப்பாருன்னு அக்கா சொல்லுது. அதுக்குள்ள அறுத்துக் கொன்னுபுட்டாங்க. நீங்கதான சொன்னீங்க."

நான்தான் சொன்னேன். அந்த வைத்தியர் செத்துப்போய், இப்போது அவர் மகன் கேட்கிறவர்களுக்கெல்லாம் போத்தலில் போட்டுக் கொடுக்கிறானாம். இரண்டாவது நிபந்தனையை அவன் சொல்வதில்லை. எங்கள் குடும்பத்தில் அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். கட்டி தெரிந்ததுமே வள்ளிக்கண்ணு ஊருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். தங்கை பிழைக்கவேண்டுமென்று அண்ணி இலுப்பூருக்கு நடையாய் நடந்து வாங்கி, கடல் தாண்டி அனுப்பியிருக்கிறார்.

அப்போதுதான் பார்த்தேன். அவள் உதட்டில் ரத்தம் நிற்கவில்லை. கொப்புளம் உடைந்த இடம். முந்தியை வைத்து அழுத்தினாள், ஊறியது. என் துண்டைக் கொடுத்தேன், ஊறியது. சீனத்தி ஐஸ்கட்டி கொண்டுவந்து என்னை முறைத்துக்கொண்டே அவள் வாயில் வைத்தாள். கால் மணி நேரம், அரை மணி நேரம். துண்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். வைத்தியர் சொன்னது, நாவிதர் கத்தி, டாக்டர் இரண்டு தடவை கேட்டது, தலையணைக்கு அடியில் இருந்த டப்பா.

அவள் துண்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப அந்த மனுசன் கையை எதுக்கு ஒடிச்சீங்க?"

6

மறுநாள் காலையில் போத்தலோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்ஜன் ஒரு சீனர். எனக்குத் தெரிந்த பட்டறை மலாயில், ஊபாட் கம்போங், ஊபாட் கம்போங் என்றேன். கிராமத்து மருந்து என்று அர்த்தம். அவர் கத்துவார், போத்தலை எறிவார் என்று தயாராக நின்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். எத்தனை நாளாக, ஒரு வேளைக்கு எவ்வளவு, என்ன மருந்து என்று வரிசையாகக் கேட்டார்.

என்ன மருந்து என்ற இடத்தில் எனக்கு வாய் வரவில்லை. மனைவி உயிர் அவர் கையில் இருக்கிறது, இருந்தும் நாக்கு எழவில்லை. சொல்லுங்கப்பா என்றாள் செல்வி. முந்தின நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"சேராங்கொட்டை" என்றேன். "சேராங்கொட்டையும் பூண்டும் இஞ்சியும் நெய்யில கிண்டுனது."

செல்வி ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, நர்ஸ் எழுதிக்கொண்டாள். பழைய ஃபாரத்தில் இல்லை என்று இருந்ததை அடித்துவிட்டுப் பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். உதட்டில் என்ன காயம் என்று கேட்டார்கள். நான் அடித்தது என்றேன். அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.

அண்ணனைப் பற்றியும் சொன்னேன். இதனால்தான் இறந்தார் என்று இவ்வளவு வருஷம் கழித்து உறுதியாகச் சொல்ல முடியாது, சில மருந்து ரத்தத்தை உறையவிடாது, வேறு காரணமும் இருந்திருக்கலாம் என்றார் சர்ஜன். ஆனால் சொல்லியிருந்தால் அந்த டாக்டர் கத்தியை எடுத்திருக்கமாட்டார், நிறுத்திவிட்டுக் காத்திருப்பார், தானும் இப்போது அதைத்தான் செய்யப்போவதாகச் சொன்னார். செல்வி அதைத் தமிழில் சொல்லி முடிக்க நேரமாயிற்று. அவளுக்கு வார்த்தை கிடைக்காமல் இல்லை, அழுதுகொண்டிருந்தாள்.

ஆபரேஷன் தள்ளிப்போனது. அன்றைக்கே ஒரு சோதனை. வள்ளிக்கண்ணுவின் காது மடலில் ஊசியால் ஒரு குத்து. அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் மைஒற்றும் தாளை வைத்து ஒற்றினாள் நர்ஸ். தாளில் வரிசையாகச் சிவப்புப் பொட்டு. பொட்டு சிறியதாகிக்கொண்டே வந்து நின்றுவிடவேண்டுமாம். நான் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம், எட்டு நிமிஷம், பன்னிரண்டு நிமிஷம். பொட்டு சிறுக்கவில்லை. நர்ஸ் தாளை வைத்துவிட்டுப் பஞ்சை எடுத்து அழுத்தினாள்.

மூன்று நாள் கழித்து அறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. அறுத்து அவள் செத்திருந்தால் அந்தச் சீனர் கையையும் ஒடித்திருப்பேன்.

ஒரு மாதம் போனது. கட்டி வளர்கிறதோ என்ற பயத்தில் அவள் சோறு இறங்காமல் கிடந்தாள். மறுபடி ஊசிக் குத்து, மறுபடி தாள். ஐந்தாவது பொட்டு கடுகளவு. ஆறாவது இடத்தில் தாள் வெள்ளையாக இருந்தது. நான் அந்த வெள்ளைத் தாளைப் பார்த்து வாய்விட்டு அழுதேன். வள்ளிக்கண்ணு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

7

மார்பை எடுத்துவிட்டார்கள். உயிரோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். மாதம் ஒரு தடவை காட்டவேண்டும், அதற்குமேல் எதுவும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறாள். அண்ணிக்குக் கடிதம் எழுதவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

"கடுதாசின்னா அக்கா மடிச்சு வச்சிரும், நாலு பேருக்குத் தெரியாது. டாக்டரு கையை ஒடிச்சதை ஊருக்கே தெரியச் சொன்னீங்கள்ல? இதையும் ஊருக்கே தெரியச் சொல்லுங்க."

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஊர்க்காரர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். லேகியம் சாப்பிடுங்கள், சாப்பிடாமல் இருங்கள், அது உங்கள் பாடு. கத்திக்குப் போகிறீர்கள் என்றால், என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டரிடம் பெயரோடு சொல்லுங்கள். முறிந்துபோனால் போகட்டும்.

அண்ணி, அண்ணன் அந்த டாக்டரால் சாகவில்லை. அவர் இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் நான் பொய் சொன்னேன். நீங்கள் தங்கைக்கு அனுப்பிய போத்தலிலும் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை, உங்களிடம் நான் சொல்லாமல் விட்டதுதான் அது. தை மாதம் கப்பலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதலில் மதுரைக்குப் போகவேண்டும். அந்த டாக்டர் இருக்கிறாரா என்று தேடி, அவர் வலது கையைப் பார்க்கவேண்டும். பிறகு அரிமளத்துக்கு வருவேன். கடிகாரத்தைக் கொண்டுவருகிறேன். அது என் கையில் இருக்கவேண்டியது இல்லை. நீங்கள் விளக்குமாற்றை வாசலிலேயே எடுத்து வைத்திருங்கள்.